எறும்புக்குக் கேமரா வாங்கிய கதை

ஆறு வயது முடிந்த கையோடு, கேமரா வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். என் போனில் அவள் எடுத்து வைத்திருந்ததை அன்றே ஒழுங்காகப் பார்த்திருந்தால் எனக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். முக்கால்வாசி எறும்புதான். மீதி, பாட்டியின் மெட்டி, வெண்டைப்பூ. நான் இதையெல்லாம் பார்க்காமல், முயல் காது வைத்த ரப்பர் உறையோடு ஒரு பொம்மைக் கேமராவை வாங்கிவிட்டேன். பெட்டியில் 40 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்து.

முதல் நாளே ஓடி வந்தாள். "அம்மா, எறும்பு கரைஞ்சு போச்சு." பார்த்தால், சிமென்ட் தரையில் கறுப்பாய் ஒரு தீற்றல். அவள் மேல் தப்பில்லை. இந்த மாதிரிக் கேமராக்களில் பெரும்பாலும் ஃபோகஸ் மாறாது. ஓர் அடிக்குள் இருப்பது தெளிவாக விழாது. அந்த 40-ம் சின்ன சென்சாரில் விழுந்த படத்தை இழுத்துப் பெரிதாக்கிச் சொல்லும் கணக்கு. 4x6 பிரின்ட் போட இரண்டு மெகாபிக்சலே போதும் என்று ஸ்டூடியோக்காரர் அப்புறம் சொன்னார்.

தம்பி வீட்டு பீரோவில் 2009 வாக்கில் வாங்கிய கேனன் பவர்ஷாட் கேமரா ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. பூப்படம் போட்ட பொத்தானை அமுக்கினால் மேக்ரோ, அதாவது மிகக் கிட்டத்தில் இருப்பதும் தெளிவாக விழும். இரண்டு பென்சில் பேட்டரி போதும். ரீசார்ஜ் ஆகும் வகையில் நான்கு வாங்கிக்கொண்டேன். அந்தக் காலத்துக் கேமராவுக்கு 64 ஜிபி கார்டு ஆகாது, 32 வரைதான். நான் போட்டது 8. கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் தொடக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம்.

சாயங்காலம் வாசலில் குப்புறப் படுத்து எடுத்தாள். எறும்பின் வாயில் இருந்த நொய்யரிசிகூடத் தெரிந்தது.

* * *

உங்கள் எறும்புக் கதையைப் படித்தேன் அக்கா. என் பையனுக்கு ஒன்பது வயது. எடுத்த உடனே படம் வெளியே வரும் இன்ஸ்டாக்ஸ் மினி கேமரா வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஃபிலிம் பாக்கெட்டுக்குப் பத்தே படம். முதல் பாக்கெட் பத்து நிமிடத்தில் காலி, அதிலும் மூன்று மின்விசிறி! அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். இப்போது தாத்தா சவரம் செய்ய உட்கார்ந்தால் இவன் கேமராவோடு எதிரே உட்கார்ந்துவிடுகிறான், அவர் கன்னத்தை உப்பும் அந்த ஒரு நொடிக்காக. ஆனால் உங்கள் மகள் மாதிரி கிட்டப் போய்ப் பார்க்கிற பிள்ளைக்கு இது சரிப்படாது அக்கா.

* * *

உங்கள் இருவர் கதையையும் படித்தேன். எங்கள் வீட்டில் இருப்பது, தனக்குள்ளேயே பிரின்ட் போட்டுத் தரும் சிறுவர் கேமரா. மை கிடையாது, கடை பில் மாதிரி வெப்பத்தாள். என் பெண்ணுக்குப் படம் எடுப்பதைவிட, வந்த படத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எல்லாருக்கும் மீசை வரைவதுதான் பிடித்தது. சரி, அதுவும் கலைதானே என்று விட்டுவிட்டேன். ஜன்னல் ஓரம் ஒட்டி வைத்த படங்கள் வெயிலில் வெளுத்துப்போய், இப்போது மீசைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன.