புதுப்பிப்பு: ஒருவழியாகக் கூட்டத்துக்குப் போய்விட்டேன்

பெரம்பூர் பக்கம் தமிழில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழு) கூட்டம் எங்கே, தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். முதலில் போன இடத்தில் கதவு பூட்டியிருந்தது. கூட்டம் இடம் மாறிவிட்டதாம். போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது இடம், சர்ச்சுக்குப் பின்னால் ஓர் அறை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் பத்து நிமிடம் நின்றேன். கட்டணம் இல்லை, முழுப்பெயர்கூடக் கேட்கவில்லை. என் முறை வந்தபோது பேச்சு வரவில்லை, அடுத்தவருக்குப் போய்விட்டார்கள்.

பயந்தபடியே தெரிந்த முகம் ஒன்று: எங்கள் தெரு இஸ்திரிக்கடை அண்ணன்! டீயை நீட்டி, “உட்காருங்க தம்பி” என்றார், அவ்வளவுதான்.

அப்புறம், தினமும் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்தை என் மனைவி தேடுகிறாள்.