லட்ச ரூபாய்க்கு மேல் போகும் கேமிங் பிசி: பாகம் வாங்கப் போன இடத்தில் நடந்தவை

போன வருஷம் சித்தி பையனுக்கு வேலை கிடைத்ததும் முதலில் கேட்டது இதைத்தான், "அண்ணா, 4கே-ல ஓடுற மாதிரி ஒரு பிசி, நீங்க கூட வாங்க". ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். யூடியூப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தான், ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 5080 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம் என்று எல்லாம் மாடல் எண்ணோடு தெளிவாக இருந்தது, கடைசி வரியில் மட்டும் "எஸ்எம்பிஎஸ் – ஏதாவது 850 வாட்". எஸ்எம்பிஎஸ் என்பது சுவர் மின்சாரத்தை மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கும் பெட்டி. அந்த 'ஏதாவது'வைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன், ஏனென்றால் அதற்கப்புறம் நான் கூடப் போன எல்லாருடைய பட்டியலிலும் அதே மாதிரி ஒரு வரி இருந்தது.

கடைக்காரர் தங்கமான மனுஷன், ஆனால் பட்டியலைப் பார்த்ததும் பெயரே கேள்விப்படாத ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்து வைத்து, "இதுவும் 850 வாட்தான் சார், பாதி விலை" என்றார். டப்பாவில் 850 என்று எழுதியிருப்பதும் அது மணிக்கணக்கில் 850 வாட் தருவதும் ஒன்றல்ல. 5080 கார்டு மட்டுமே 360 வாட் வரை இழுக்கும். அதுவும் சீராக இழுக்காது, கண் இமைப்பதை விடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்குச் சட்டென்று மேலே எகிறி இறங்கும். எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரம் வந்ததே இதற்காகத்தான், தன் அளவைப் போல இரண்டு மடங்கு சுமை 100 மைக்ரோ நொடிக்கு வந்தாலும் அணையாமல் தாங்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பழைய வகையையோ மட்டமானதையோ மாட்டினால், விளையாட்டின் நடுவில் மெஷின் பட்டென்று அணையும், ஆள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகப்பட்டு சர்வீஸ் சென்டருக்கு அலைவார்.

80 பிளஸ் கோல்டு முத்திரையைப் பார்த்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் முதலில் கேட்பது வாரண்டி எத்தனை வருஷம் என்றுதான். நல்ல யூனிட்டுகளுக்கு 10 வருஷம் தருகிறார்கள், தயாரிப்பவருக்கே நம்பிக்கை இருந்தால்தான் அப்படித் தர முடியும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் கொண்டுபோகும் அந்த 16 பின் கேபிள். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் சில கார்டுகளில் இந்த முனை உருகியது நினைவிருக்கும். 5080-க்கு மேலே இருக்கும் 5090 கார்டு இழுப்பது 575 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 48 ஆம்பியர் வருகிறது, அது ஆறு ஜோடி சின்னப் பின்கள் வழியாகப் போக வேண்டும், அதாவது பின்னுக்கு 8 ஆம்பியர். முனை முழுதாக உட்காரவில்லை என்றால் சுமை நாலைந்து பின்களில் குவிந்து சூடேறிவிடும். கொக்கி விழும்வரை அழுத்துங்கள், முனைக்குப் பக்கத்திலேயே கேபிளை மடக்காதீர்கள், ஒரு முறை பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள். கேபினட்டின் கண்ணாடி கேபிளை நெருக்குகிறதா என்பதை வாங்கும்போதே அளந்துவிடுவது நல்லது, இப்போது வரும் கார்டுகளில் பல 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம்.

தம்பி பட்டியலில் நான் குறைத்தது பிராசஸரை. 9800எக்ஸ்3டி அருமையான சிப், 96 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருப்பதால் கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி ஃப்ரேம் கூடுதலாக வேண்டிய விளையாட்டுகளில் அதை அசைக்க முடியாது. ஆனால் இவன் விளையாடுவது கதை உள்ள பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம்கள், அதுவும் 4கே-யில். 1440பி (2560 x 1440) திரையை விட 4கே-யில் 2.25 மடங்கு பிக்சல்கள், அந்தப் பாரம் முழுக்க கார்டின் தலையில்தான் விழுகிறது, பிராசஸர் பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதில் ரைசன் 7 9700எக்ஸ் போட்டோம், மிச்சமான பணம் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் முன்பக்கம் வலை வைத்த கேபினட்டுக்கும் போனது. சென்னை மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் முன்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்த கேபினட்டை எப்படி வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பின்னால் வேகமான சிப் வேண்டுமென்றால் அதே ஏஎம்5 (இந்தச் சிப்கள் உட்காரும் சாக்கெட்) மதர்போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

―――

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எஸ்எம்பிஎஸ் பற்றிச் சொன்னது நூறு சதம் சரி, ஆனால் அதற்கும் பின்னால் சுவர் இருக்கிறது. நண்பர் ஒருவர் வாடகை வீட்டில் புது பிசி வைத்தார், கேபினட்டைத் தொட்டாலே சுரீர் என்று அடிக்கிறது. கடையில் பாகங்களை எல்லாம் சோதித்து எதிலும் குறை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரு எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார், "தம்பி, எர்த் வயரே வரல, இது சும்மா ஓட்டைதான்". எர்த் இழுத்துக் கொடுத்ததும் அதோடு நின்றது.

யுபிஎஸ் வாங்கும்போதும் பெட்டியில் போட்டிருக்கும் விஏ எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது வாட் அல்ல. கடையில் எடுத்துக் கொடுக்கும் 600 விஏ பெட்டி பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், 5080 ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும். சுவரிலிருந்து வருவது போலவே சீரான அலையாக மின்சாரம் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாகப் பார்த்து வாங்குங்கள், சில எஸ்எம்பிஎஸ்கள் மற்ற வகையில் கரண்ட் போனதும் அணைந்துவிடுகின்றன.

―――

நான் செகண்ட் ஹேண்டில் தேடுபவன். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் ஐ9 சிப்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. ஒருவர் விற்க வந்தார், "பயாஸ் அப்டேட் போட்டாச்சு ப்ரோ, பிரச்சினை இல்லை" என்றார். பயாஸ் என்பது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள். எப்போது போட்டார் என்று கேட்டேன், விற்க முடிவு செய்த பிறகுதான். தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறி அந்தச் சிப்கள் தேய்வதைத் தடுக்க பயாஸ் அப்டேட்டோடு வரும் மைக்ரோகோடு என்ற திருத்தத்தை இன்டெல் 2024 ஆகஸ்டில் விட்டது உண்மை, ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெட்டியோடு விற்ற பாக்ஸ் சிப்களுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியிருக்கிறது, அதனால் பில்லும் பெட்டியும் கையில் இருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள்.

―――

ராம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கடையில் அசெம்பிள் செய்து வந்த மெஷின்களைத் திறந்து பார்த்தால், 6000 வேகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்5 ராம் 4800-ல் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்தால் தீர்ந்தது, யாரும் செய்து தருவதில்லை. நாலு குச்சி மாட்டினால் அந்த வேகம் பெரும்பாலும் நிற்காது, 16 ஜிபி இரண்டாகவே வாங்குங்கள். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, அதனால் பழைய பட்ஜெட் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், முதல் நாளே போன் போட்டு ராம் விலையைக் கேட்டுவிட்டு மற்றதைக் கணக்குப் போடுங்கள்.