கல்யாணத்துக்கு முன்பே எழுதி வாங்கிய காகிதம் கோர்ட்டில் என்ன ஆனது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாளை ஜூனியர்:
குடும்ப நல வழக்குகளில் சீனியரோடு நிற்கிறேன். எத்தனையோ கட்டு பார்த்தாச்சு, இந்த ஒரு பார்ட்டி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்து ஓய்வுபெற்ற வாத்தியார். மகளுக்கு நிச்சயம் முடிந்த கையோடு 20 ரூபாய் பத்திரத்தில் ஒப்பந்தம் எழுதி, இரண்டு பக்கத்துத் தாய்மாமன்களையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து, லேமினேஷனும் செய்து வைத்திருந்தார். மாப்பிள்ளை மாமனார் வீட்டோடுதான் இருக்க வேண்டும், பிரிய நேர்ந்தால் மாப்பிள்ளை பெயரில் உள்ள மனை பெண்ணுக்கு, மாதம் இவ்வளவு ஜீவனாம்சம் என்று வரிசையாக ஷரத்து.

காகிதத்தை சீனியர் கையில் அவர் கொடுக்கவே இல்லை. மேசையில் வைத்து ஒரு ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சீனியர் குனிந்து படித்தார், அப்புறம் அவரே திருப்பிப் பார்த்தார். "சார்வாள், முன்பக்கம் நிக்காது. பின்பக்கம் நல்லா எழுதியிருக்கிய."

பின்பக்கம் நகைப் பட்டியல். ஆரம், நெக்லஸ், வளையல், ஒவ்வொன்றின் எடை, போட்டது யார், கீழே மாப்பிள்ளை கையெழுத்து. நகையைப் பற்றி எதுவுமே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த எதிர்த்தரப்பு, அந்தக் கையெழுத்தின் நகலைப் பார்த்ததும் சமரசத்துக்கு வந்தது. சீதனம் பெண்ணின் தனிச் சொத்து, கணவன் வீட்டார் அதற்குக் காவல்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டதே. முன்பக்கத்தின் கதை வேறு. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் 23-ம் பிரிவு, பொதுக் கொள்கைக்கு விரோதமான ஒப்பந்தம் செல்லாது. வீட்டோட மாப்பிள்ளை ஷரத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901-லேயே தள்ளியிருக்கிறது.

நகை வந்தது, மனை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இப்போதும் கேட்கிறார்: "ஏம்மா, முன்பக்கத்துக்கு அப்பீல் கிடையாதா?"

மேலப்பாளையத்தான்:
எங்களுக்கு இது புதுசே இல்லை. மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடையான மஹரை எழுதாமல் எங்கள் பக்கம் நிக்காஹ் நடப்பதில்லை. தங்கச்சி நிக்காஹில் மஹர் என்ன என்று கேட்டதும் மாப்பிள்ளையின் சாச்சா, "எவ்வளவு வேணா எழுதுங்க, கேக்கவா போறாங்க" என்றார். சபையே சிரித்தது. வாப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ரூபாயா வேண்டாம், பவுனா எழுதுங்க" என்று ஒரே வார்த்தை. கஞ்சத்தனம் என்று எங்கள் வீட்டிலேயே பேசினார்கள்.

பிற்பாடு தலாக் ஆகி, ஜமாஅத்தில் பழைய நிக்காஹ் பதிவேடான தஃப்தரை எடுத்துப் பக்கத்தைத் திருப்பியபோது அந்த சாச்சாவும் இருந்தார். ரூபாயில் எழுதியிருந்தால் இன்றைக்கு அது ஒரு செல்போன் விலை. பவுன் என்பதால் பவுன். தலாக் ஆன முஸ்லிம் பெண்களுக்கான 1986-ம் வருடச் சட்டத்தின் 3-ம் பிரிவில் மஹரும் வரும், கல்யாணத்தில் பெண்ணுக்கு வந்த பொருளும் வரும். ஜூனியர் மேடம், ஒப்பந்தம் என்றாலே செல்லாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

குமாஸ்தா அண்ணாச்சி:
மேலப்பாளையம் தம்பி, மஹர் வேறு, இது வேறு. உங்கள் கல்யாணமே ஒப்பந்தம், அதில் மஹர் ஒரு அங்கம். இந்து திருமணத்தைச் சட்டம் சடங்காகப் பார்க்கிறது. அந்தம்மா சொன்னது இந்துக்களுக்குச் சரிதான். கோவாவிலோ 1867-ம் வருடப் போர்த்துகீசிய சிவில் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்னாலேயே சொத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டம் 40-ம் பிரிவில்கூட, முன்பே செய்துகொண்ட ஏற்பாடு இருந்தால் கோர்ட் விசாரிக்கலாம் என்று இருக்கிறது. இதெல்லாம் தெரியாமல் பேசக்கூடாது.

நான் பார்த்தது சின்ன விஷயம். ஒரு அம்மா கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, மகள் போட்டிருக்கிற நகை அத்தனைக்கும் கணக்குக் கேட்டார். குறுக்கு விசாரணையில் எதிர் வக்கீல் போட்டோவில் ஒட்டியாணத்தின் மேல் விரலை வைத்து, "இது தங்கமா, கவரிங்கா?" என்றார். அந்தம்மா வாயே திறக்கவில்லை. அதற்கப்புறம் உண்மையான ஆரத்தையும் யாரும் நம்பவில்லை.

அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். வரதட்சணை தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள் இருக்கின்றன. பெண்ணுக்கு வந்த அன்பளிப்புக்கு ஒரு பட்டியல், மாப்பிள்ளைக்கு வந்ததற்கு ஒரு பட்டியல். பொருள், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு, கடைசியில் இரண்டு பேர் கையெழுத்து. பெண்ணின் பட்டியல் பெண்ணிடமே இருக்க வேண்டும். பீரோ சாவியோடு சேர்த்து மாமியாரிடம் கொடுத்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்து நிற்காதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நகையில் ஆறு இலக்க ஹால்மார்க் எண் இல்லாமல் கடையில் விற்கக்கூடாது, அந்த எண்ணையும் பட்டியலில் எழுதுங்கள். பணம் கொடுப்பதென்றால் பெண்ணின் கணக்கில் போடுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி கட்டாயம். ஜீவனாம்சம் கேட்டால் இரண்டு பேரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றுக்கும் பிரமாணப் பத்திரம் போட வேண்டும், 2020 ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்டு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் எழுதிப் பிரிவதை விவாகரத்து என்று நினைக்காதீர்கள்.

சேரன்மகாதேவி அக்கா:
அண்ணாச்சி, அனுபவத்தைக் கேட்டால் பாடம் எடுக்கிறீர்கள். பட்டியல் போடு என்று சொல்வது லேசு. என் நிச்சயத்தில் சித்தப்பா பேச்சை எடுத்ததுமே மாமியார், "நீங்க புள்ளைக்குப் போடுதத நாங்க எண்ணியா பாக்கப் போறோம்?" என்றார். பெரிய மனுஷி என்று எல்லோரும் மெச்சினார்கள். பிரியும்போது பஞ்சாயத்தில் இன்ன நகை மட்டும்தான் வந்தது என்று கிராம் சுத்தமாகக் கணக்குச் சொன்னதும் அதே வாய்தான். பட்டியல் கேட்டுக் கல்யாணம் நின்றுபோனால் அதற்கு எந்தப் பிரிவில் மனு போடுவது?

நீங்கள் கடைசியில் சொன்ன பத்திரக் கதைதான் எனக்கு நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் "தீர்த்துவிட்டாச்சு" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எனக்குள் அது முடிந்த கதை. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போக, பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை எடுக்கப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பத்திரத்தை முழுக்கப் படித்தாள். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "அக்கா, இதுல கோர்ட் சீல் இல்லையே" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். சட்டப்படி அன்றைக்கும் நான் அவன் பெண்டாட்டி!

வழக்கப்படி தீர்ப்பதை இந்து திருமணச் சட்டம் 29-ம் பிரிவு காப்பாற்றும் என்று ஒரு வக்கீல் ஆசை காட்டினார். எங்கள் சமுதாயத்தில் அந்த வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நிரூபிக்க யாரைக் கூட்டிக்கொண்டு போவது? பஞ்சாயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை. பரஸ்பர மனு போட்டுத்தான் முடித்தேன்.

வள்ளியூர் டு லண்டன்:
இங்கே இங்கிலாந்தில் 2010 ராட்மாக்கர் வழக்குக்குப் பிறகு, இரண்டு பேரும் விவரம் தெரிந்து மனதார எழுதியிருந்தால் கல்யாணத்துக்கு முந்தைய ஒப்பந்தமான ப்ரீநப்புக்குக் கோர்ட் நல்ல மதிப்புக் கொடுக்கிறது. ஆனாலும் நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் ஊருக்கும் வரத்தான் செய்யும்.

குமாஸ்தா அண்ணாச்சி:
வரும்போது வரட்டும் தம்பி. இன்றைக்கு வாய்தாவுக்கு வருகிறவர்களுக்கு லண்டன் தீர்ப்பு என்னத்துக்கு?

சங்கரன்கோவில் மாப்பிள்ளை:
வழக்கு எதுவும் இல்லை, வருகிற தையில் கல்யாணம். இரண்டு பேரும் சென்னையில் வேலை. ப்ரீநப் எழுதலாம் என்று கேட்டது அவள்தான். அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்தார். "பிரியதுக்குன்னே சேருதியளால?" அப்புறம் பேச்சே இல்லை. அம்மா என்னை விட்டுவிட்டு நேரே அவளுக்கே போன் போட்டு, "அவன் மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள், "அத்தை, உங்க பேர்ல ஏதாவது இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாளாம். அம்மா போனை வைத்துவிட்டார். அது கோபத்திலா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஏனென்றால் மறுநாள் அம்மாவே, "எழுதுனா எழுதட்டுமே" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரிந்தால் என்ற வார்த்தையே இல்லாமல் எழுதியிருக்கிறோம். வீட்டுக் கடனில் யார் எவ்வளவு கட்டுவது, அவள் அம்மாவுக்கு மாதம் அனுப்பும் பணத்தை நான் கேள்வி கேட்கக்கூடாது, அவ்வளவுதான். இதைப் பதிவு செய்தால் பலம் கூடுமா?

பாளை ஜூனியர்:
பதிவு செய்தாலும் செல்லாத ஷரத்து செல்லுபடியாகாது. ஆனால் நீங்கள் எழுதியதில் பெரும்பாலும் பணக் கணக்குதான், நாளைக்கு ஒரு சாட்சியமாகவாவது உதவும். அதைவிட முக்கியம், கல்யாணம் ஆனதாலேயே கணவன் பெயரில் உள்ள வீட்டில் மனைவிக்குப் பாதி என்று நம் சட்டத்தில் இல்லை. கிரயப் பத்திரத்தை இரண்டு பேர் பெயரிலும் போடுங்கள், மாதத் தவணை அவரவர் கணக்கிலிருந்து போகட்டும். உங்கள் அப்பாவும் அதற்குக் கையை உதற மாட்டார்.

குமாஸ்தா அண்ணாச்சி:
எல்லாம் சரி. நகைப் பட்டியல் போட்டாச்சா இல்லையா?