அக்காவின் முதல் ஓட்டு

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

2024 நவம்பர் 6, புதன்

அக்கா ஆங்கரேஜ் (காலை 8:12): ஓட்டுப் போட்டுவிட்டு இப்போதுதான் காருக்கு வந்தேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு முதல் ஓட்டு. இங்கே அலாஸ்காவில் இன்னும் செவ்வாய் சாயங்காலம்தான், எட்டு மணி வரை நேரம் இருக்கிறது. கை நடுங்கியது, குளிரால் இல்லை.

அம்மா: காதை மூடிக்கொண்டு போனாயா? சாப்பிட்டாயா?

அக்கா ஆங்கரேஜ்: மூடிக்கொண்டேன் அம்மா. இனிமேல்தான் சாப்பாடு.

தம்பி: டிரம்ப்பா, கமலாவா?

அக்கா ஆங்கரேஜ்: அந்தப் போட்டி இங்கே இல்லைடா. 1964-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் அலாஸ்கா ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்ததே இல்லை. இழுபறி எல்லாம் எம்.பி. சீட்டுக்குத்தான். தமிழ்நாட்டைப் போல 13 மடங்கு நிலம், பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு இடம்.

பெரியப்பா: ஜனம் எவ்வளவு?

அக்கா ஆங்கரேஜ்: ஏழு லட்சத்துச் சொச்சம் பெரியப்பா.

பெரியப்பா: நம் தூத்துக்குடித் தொகுதியில் ஓட்டர் லிஸ்டே அதைவிடப் பெரிது.

அக்கா ஆங்கரேஜ்: ஆமாம். அந்த ஜனமும் ஒரே இடத்தில் இல்லை. பாதிக் கிராமங்களுக்கு மேல் ரோடே கிடையாது, தலைநகர் ஜூனோவுக்கே கிடையாது. சின்ன விமானம், இல்லையென்றால் படகு. ஆறு உறைந்துவிட்டால் அதன் மேலேயே வண்டி ஓட்டுவார்கள். தபால் ஓட்டும் அப்படித்தான் வந்து சேர வேண்டும். அதனால் தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்த ஓட்டு என்றால் 10 நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள், வெளிநாட்டிலிருந்து வருவதற்கு 15 நாள்.

சித்தி: நீ யாருக்குப் போட்டாய் என்று கேட்கலாமா?

அக்கா ஆங்கரேஜ்: தாராளமாக. ஜனநாயகக் கட்சி மேரி பெல்டோலாவுக்கு. யூப்பிக் பழங்குடி, குஸ்கோக்விம் ஆற்றங்கரைக்காரர். அலாஸ்காவின் பழங்குடிகளிலிருந்து அமெரிக்க காங்கிரசுக்குப் போன முதல் ஆள். 49 வருடம் அந்த நாற்காலியில் இருந்த டான் யங் 2022 மார்ச்சில் இறந்தார். இடைத்தேர்தலின் முதல் சுற்றில் 48 பேர் நின்றார்கள். கடைசியில் குடியரசுக் கட்சியின் முன்னாள் கவர்னர் சாரா பேலினைத் தோற்கடித்தது இவர். குடியரசுக் கட்சிக் கோட்டை என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த இடம்!

அவர் முழக்கமே மூன்று வார்த்தைதான்: மீன், குடும்பம், சுதந்திரம். மீன்தான் முதலில்.

பெரியப்பா: மீனா? அதைக் கொஞ்சம் விரித்துச் சொல் அம்மாடி.

அக்கா ஆங்கரேஜ்: என்னுடன் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குஸ்கோக்விம் கரையில் இருக்கும் பெத்தேல் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். கோடையில் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போய் மாதக்கணக்கில் தங்குவார்கள். பிறை வடிவில் ஒரு கத்தி. அதை வைத்துச் சால்மனைத் தலைமுதல் வால்வரை இரண்டாகப் பிளப்பாள், ஆனால் வால் ஒட்டியே இருக்கும். அந்த வாலை வைத்துத்தான் கம்பில் தொங்கவிடுவார்கள். அப்புறம் புகை போட்டுக் கருவாடு. குளிர்காலம் முழுவதற்கும் அதுதான் சாப்பாடு. 2021-இல் சம் என்கிற சால்மன் கிட்டத்தட்ட வரவே இல்லை. கம்பு காலியாகக் கிடந்த போட்டோவைக் காட்டினாள். பக்கத்தில் யூகான் ஆற்றில் இன்னும் மோசம். அங்கே சினூக் சால்மன் பிடிக்க இந்த ஏப்ரலில் 7 வருடத் தடைக்கு அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்டன.

பெரியப்பா: ஏன் வரவில்லை?

அக்கா ஆங்கரேஜ்: கடல் சூடாகிறது, அது பெரிய காரணம். அதோடு பெரிங் கடலில் பொல்லாக் மீனுக்கு இழுவைமடி போடும் பெரிய கப்பல்கள். அந்த மடியில் சால்மனும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. ஆற்றில் ஒரு மீன் பிடிக்கக்கூடாது என்று இவர்களைத் தடுத்துவிட்டு, கடலில் அது நடந்துகொண்டிருந்தால் வயிறு எரியாதா? மேரி முன்பு குஸ்கோக்விம் ஆற்றுப் பழங்குடிகளின் மீன்வள ஆணையத்தை நடத்தியவர். இழுவைமடியைக் கட்டுப்படுத்த இந்த வருடம் மசோதா கொண்டுவந்தார்.

பெரியப்பா: போதும், எனக்குப் புரிந்துவிட்டது. நாட்டுப்படகுக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் அங்கே இருந்தால் என் ஓட்டும் அந்த அம்மாவுக்குத்தான்.

அத்தான்: பெரிய மாமா, ஒரு நிமிடம். நான் குடியரசுக் கட்சி நிக் பெகிச்சுக்குப் போட்டேன். போன வாரமே போட்டுவிட்டேன்.

அம்மா: ஒரே வீட்டிலா!

அத்தான்: ஒரே வீட்டில்தான் அத்தை. நான் இரண்டு வாரம் வடக்கே எண்ணெய்க் கிணற்றில், இரண்டு வாரம் வீட்டில். 1988-இல் அலாஸ்காக் குழாயில் தினம் 20 லட்சம் பீப்பாய் போனது, இப்போது 5 லட்சம்கூட இல்லை. பள்ளிக்கூடம், ரோடு எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான். அக்டோபரில் இந்த ஊரில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் 1,702 டாலர் வந்ததே, அது எண்ணெய் வருமானத்தில் சேர்த்த நிதி. குழந்தைக்கும் உண்டு. மேரி எண்ணெய்க்கு எதிரி இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வில்லோ என்கிற எண்ணெய்க் கிணற்றுத் திட்டத்துக்காக அவரும் வாதாடினார், 2023 மார்ச்சில் அனுமதி வந்தது. ஆனால் அவர் கட்சி எங்கள் கதவை ஒவ்வொன்றாகச் சாத்துகிறது. நிலத்தில் பாதிக்கு மேல் மத்திய அரசு கையில். வாஷிங்டனில் அவர் ஒருவர் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும்?

பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வதும் வயிற்றுப்பாடுதான். தப்பில்லை.

நான்: அத்தான், இந்தப் பெகிச்சின் தாத்தா கதை தெரியுமா? அவர் பெயரும் நிக் பெகிச், அவர் ஜனநாயகக் கட்சி எம்.பி. 1972 அக்டோபரில் அவர் போன விமானம் காணாமல் போய்விட்டது, இன்று வரை கிடைக்கவில்லை. அடுத்த மாதத் தேர்தலில் காணாமல் போனவரே ஜெயித்தார். இறந்துவிட்டார் என்று அறிவித்த பிறகுதான் 1973-இல் டான் யங் வந்தார்.

அத்தான்: தெரியும் தம்பி. இங்கே விமானம் தொடாத குடும்பம் குறைவு. செனட்டராக இருந்த டெட் ஸ்டீவன்சும் 2010-இல் அப்படித்தான் போனார்.

அக்கா ஆங்கரேஜ்: மேரியின் கணவரும். போன வருடம் செப்டம்பரில். சின்ன விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு போனார்.

சித்தி: ஐயோ. அதற்குப் பிறகும் தேர்தலில் நிற்கிறாளே, எவ்வளவு நெஞ்சுறுதி.

தம்பி: அக்கா, 1, 2, 3 என்று நம்பர் போடுவார்களாமே?

அக்கா ஆங்கரேஜ்: நம்பர் எழுதுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வட்டங்கள் இருக்கும், பேனாவால் நிரப்ப வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் கடைசி ஆளை நீக்கி, அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். நான் மேரியை நிரப்பிவிட்டு நிறுத்திக்கொண்டேன். நான்கு பேரில் ஒருவர் நியூயார்க் சிறையில் இருக்கிறார், அவர் ஜனநாயகக் கட்சிப் பெயரில் நிற்பது வேறு மேரிக்குத் தலைவலி. இந்த முறையை நீக்கலாமா என்றும் அதே சீட்டில் ஒரு கேள்வி. நீக்கக்கூடாது என்று நிரப்பினேன்.

2024 நவம்பர் 21, வியாழன்

அத்தான் (காலை 8:05): எண்ணி முடித்துவிட்டார்கள். பெகிச் 51.2, மேரி 48.8.

நான்: முதல் சுற்றில் பாதி வரவில்லையா?

அத்தான்: இல்லை, 48.4-தான். மற்ற இருவரையும் நீக்கிய பிறகுதான் தாண்டினார். 3 லட்சத்துக்கு மேல் விழுந்த ஓட்டில் வித்தியாசம் 8,000-க்கும் குறைவு.

சித்தி: மாப்பிள்ளை, அவள் எங்கே?

அத்தான்: அடுப்படியில் இருக்கிறாள். பேசவில்லை. எனக்கும் கொண்டாடத் தோன்றவில்லை.

அக்கா ஆங்கரேஜ் (காலை 9:40): டிரம்ப் இங்கே 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். அந்த அலையில் மேரி இரண்டரைப் புள்ளிக்குள் தோற்றிருக்கிறார். மேலே டிரம்ப், கீழே மேரி என்று நிரப்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டும். அதை நினைத்துத்தான் அழுகை வந்தது. என்னோடு வேலை பார்ப்பவள் இன்று ஒன்றுமே சொல்லவில்லை, அவள் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மீனை என் தட்டில் வைத்தாள்.

பெரியப்பா: அந்தப் பெண்ணிடம் ஒன்று கேட்டுச் சொல். ஆற்றில் அவர்கள் வலை எத்தனை இஞ்ச் கண்ணி?

2024 டிசம்பர் 10, செவ்வாய்

அக்கா ஆங்கரேஜ்: மறு எண்ணிக்கையும் முடிந்தது. விருப்ப வரிசை ஓட்டு முறை 737 ஓட்டில் தப்பித்தது. அதில் ஒன்று என்னுடையது!

அம்மா: நல்லதாயிற்று.

அக்கா ஆங்கரேஜ்: பெரியப்பா, கேட்டுவிட்டேன். ஆறு இஞ்சுக்கு மேல் கூடாதாம். பெரிய சினூக் தலை நுழையாமல் தப்பி மேலே போய் முட்டையிட வேண்டும் என்று அந்தக் கணக்கு.

பெரியப்பா: கண்ணி சரிதான். சினை மீனை விட்டுவிட்டுத்தான் பிடிக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல்.