உங்க கிம் எந்த ஊர் கிம்?

டேஜோன் தமிழன்:

தென் கொரியாவின் டேஜோனுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. வந்த முதல் வாரம் ஆய்வகத்தில் ஒருவரை "கிம் ஷி" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் திரும்பினார்கள். நாலாவது கிம் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் திரும்பவில்லை. நான் கூப்பிட்ட ஆளோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஷி என்று சேர்த்தால் மரியாதை என்று படித்துவிட்டு வந்திருந்தேன். முழுப்பெயரோடு சேர்த்தால்தான் மரியாதையாம். வெறும் குடும்பப் பெயரோடு ஒட்டினால் வேலையாளைக் கூப்பிடுவது போல ஆகிவிடும். மூத்த மாணவர் என்றால் 'சொன்பே' போதும், பெயரே வேண்டாம்.

2015 கணக்கெடுப்பில் கிம்கள் மட்டும் ஒரு கோடியைத் தாண்டினார்கள், அதாவது ஐந்தில் ஒருவருக்கு மேல். லீயையும் பார்க்கையும் சேர்த்தால் நாட்டில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இத்தனை பேரும் ராஜ வம்சமா என்றால் இல்லை. அடிமைகள், ஏழைகள் பலருக்கு அந்தக் காலத்தில் குடும்பப் பெயரே கிடையாது. 1909-இல் எல்லாரையும் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. எடுப்பதுதான் எடுக்கிறோம், பெரிய இடத்துப் பெயராக இருக்கட்டும் என்று நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்?

ஆனால் கிம் என்றதோடு விஷயம் முடிவதில்லை. எந்த ஊர் கிம் என்று ஒரு கேள்வி உண்டு. கிம்ஹே கிம், கியோங்ஜு கிம் என்று மூதாதையின் ஊர் பெயரோடு வரும். 'பொன்க்வான்' என்பார்கள். இவர் பிறந்து வளர்ந்தது தலைநகர் சியோலாக இருக்கும், அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். குலதெய்வம் எந்த ஊர் என்று நம்மிடம் கேட்பது போல வைத்துக்கொள்ளுங்கள். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் எடுக்க முடியாது. இங்கே அதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

ஆய்வக நண்பரின் சித்தி அதில் மாட்டியவர். அவரும் அவர் காதலித்தவரும் ஒரே ஊர் கிம். வேறு எந்த உறவும் கிடையாது. சேர்ந்து வாழ்ந்தார்கள், ஆனால் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக அரசாங்கம் 1978, 1988, 1996 என்று மூன்று முறை ஓராண்டு சலுகை கொடுத்தது. 1988-இல் இவர்கள் பதிந்தபோது மூத்த பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தானாம். 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செல்லாது என்றது, 2005-இல் சட்டம் மாறியது. நெருங்கிய ரத்த உறவுக்குத் தடை இன்னும் இருக்கிறது. அத்தை மகள் கதையை நான் இங்கே யாரிடமும் எடுப்பதில்லை.

யாழ்ப்பாணத்தான்:

நான் கிம்ஹேயிலேயே நாலு வருஷம் பத்து மாதம் வேலை செய்தவன். நான் இருந்த அறையின் வீட்டுக்கார அம்மா கிம்ஹே கிம். முதல் நாளே என் கையைப் பிடித்து, "எங்கள் அம்மம்மா உங்கள் நாட்டவ" என்று சொன்னா. யாரோ அண்மையில் கலியாணம் கட்டி வந்த ஆளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் கி.பி. 48-இல் கப்பலில் வந்த ராணியைப் பற்றித்தான் கதைத்திருக்கிறா! ஹோ ஹ்வாங்-ஓக். அயுத்தா நாட்டு இளவரசி, கொரியாவில் அப்போது இருந்த கயா நாட்டுச் சூரோ மன்னரைக் கட்டினவ. பிள்ளைகளில் இரண்டு பேர் தாயின் பெயரை எடுத்ததால் ஹோ வம்சம் வந்ததாம். அதனால் கிம்ஹே கிம்மும் கிம்ஹே ஹோவும் தங்களுக்குள் கலியாணம் செய்யாத வழக்கம் இருந்தது.

நான் இலங்கை, இந்தியா இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். "கப்பலில்தானே வந்தா, பக்கத்தில்தானே" என்று முடித்துவிட்டா. ஞாயிற்றுக்கிழமை ராணியின் சமாதிக்கும் கூட்டிக்கொண்டு போனா. பக்கத்தில் செம்மை படர்ந்த கற்களை அடுக்கி ஒரு சின்னக் கோபுரம், அவ கப்பலில் கொண்டுவந்த கல் என்கிறார்கள். அந்த அயுத்தா அயோத்தியா, தமிழ்நாடா என்று இணையத்தில் சண்டை பிடிப்பவர்களுக்கு ஒன்று: கதையைச் சொல்கிற சம்குக் யூசா என்ற நூல் 13-ஆம் நூற்றாண்டில் எழுதியது. நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அதுக்கும் இடையில் ஆயிரத்து இருநூறு வருஷம். எனக்கு மாதாமாதம் கிம்சி ஊறுகாய் இலவசமாகக் கிடைத்தது, அது மட்டும் உண்மை.

சும்மா வாசிப்பவன்:

சின்னத் திருத்தம். பார்க்கில் 'ர்' கிடையாது, 'பக்' என்பதுதான் உச்சரிப்பு. லீயில் 'ல' கிடையாது, வெறும் 'ஈ'. வட கொரியாவில் அதே பெயர் 'ரி'. அந்த 'ர்', 'ல' இரண்டும் ஆங்கில எழுத்து செய்த வேலை. பக் என்றால் சுரைக்காய். பழைய கொரிய அரசான சில்லாவின் முதல் மன்னர் சுரைக்காய் மாதிரி இருந்த முட்டையிலிருந்து பிறந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று கதை.

ஈரோட்டுப் பொண்ணு:

பூசானில் ஒரு முதியோர் மையத்துக்கு வாரம் ஒருநாள் போவேன். அங்கே ஒரு பாட்டியிடம் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் உள்ளங்கையை விரித்து, அதில் விரலால் ஒரு சீன எழுத்தை மெதுவாக எழுதினார். கடைசிக் கோடு இழுத்ததும் கையை மூடிவிட்டார். பெயர் மல்-ஜா. 'மல்' என்றால் கடைசி. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில், இதோடு போதும், அடுத்தது பையனாக வரட்டும் என்று வைத்த பெயர். எங்கள் பக்கம் போதும்பொண்ணு என்று வைப்பார்கள் என்றேன். மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "பையன் வந்தானா?" என்று கேட்டேன். "இல்லை, இன்னும் ரெண்டு பொண்ணு."

இன்னொன்றும் சொன்னார். குழந்தை தங்க வேண்டும் என்றால் வீட்டில் 'கெத்தொங்' என்று கூப்பிடுவார்களாம். நாய்ப்பீ! அசிங்கமான பெயர் என்றால் கெட்டது கிட்டே வராது. கொஜோங் மன்னரையே சின்ன வயதில் அப்படித்தான் அழைத்தார்கள் என்பார்கள். குப்பையில் போட்டு எடுத்துக் குப்புசாமி, பிச்சை கேட்டு வாங்கிப் பிச்சைமுத்து என்று வைக்கிற நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

அவர் பேத்தி பெயர் ஈசுல், பனித்துளி. சீன எழுத்தே இல்லாத சுத்தக் கொரியச் சொல். தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லையாம். பரம்பரையில் தலைமுறைக்கு ஒரு பொதுச் சீன எழுத்து உண்டு, அண்ணன் தம்பி பெயர்களில் எல்லாம் அது வரும். பனித்துளியில் அதை எங்கே நுழைப்பது?

அப்புறம், யாராவது வருகைப் பதிவில் சிவப்பு மையால் பெயர் எழுதிவிடாதீர்கள். செத்தவர்களுக்குத்தான் அந்த நிறம் என்பார்கள். நான் எழுதினேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

டேஜோன் தமிழன்:

நம் பெயர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர். இங்கே குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். அதனால் காய்ச்சலுக்குப் போன மருத்துவமனையில் அப்பா பெயரோடு 'நிம்' சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டார்கள். நான் யாரையோ என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது. ஊசி, மருந்துச் சீட்டு, ரசீது எல்லாம் அவர் பெயரில்.

வீட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசினால் அப்பா முதலில் கேட்பது, "என்னடா, எனக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"