ஏழாம் வகுப்பு மகனின் டி.சி.: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். எங்கள் விவாகரத்து வழக்கு குடும்பநல நீதிமன்றத்தில் நடக்கிறது. மகனோடு திருப்பூரிலிருந்து மதுரைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கையெழுத்து இல்லாமல் டி.சி. கிடையாது என்கிறது பழைய பள்ளி. அவரோ போனையே எடுப்பதில்லை.

டி.சி. தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. இங்குள்ள அரசுப் பள்ளியில் இதைச் சொன்னால் எடுபடுமா? இல்லை, நேராக மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்துவிடலாமா?

இரண்டு வாரமாகப் பையன் வீட்டில்தான். நேற்று கணக்கு நோட்டைத் திறந்தேன். பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறது, கீழே ஒரு ரயில் படம், 'திருப்பூர்' என்று போர்டு வேறு. திட்ட மனசு வரவில்லை.

அப்புறம், இப்படி நடுவில் பள்ளி மாற்றியவர்கள், டீச்சரிடம் வீட்டு விஷயத்தை எவ்வளவு தூரம் சொன்னீர்கள்?