ஏழு பேர், மூன்று குழந்தை இருக்கைகள்: எங்களுக்குப் பொருந்தும் வண்டி எது?

வணக்கம். எங்கள் வீட்டில் இப்போது ஐந்து பேர்: நான், என் மனைவி, நான்கு வயது மகள், என் பெற்றோர். மூன்று மாதத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறக்க இருக்கிறார்கள். கையிலுள்ள ஐந்து இருக்கைக் கார் அதன்பின் போதாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்குப் பதிலாக எதை வாங்குவது என்பதில்தான் மூன்று வாரமாக வீட்டில் பேச்சு நடக்கிறதே தவிர, முடிவு வரவில்லை.

இருக்கும் காரிலேயே சில காலம் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்த்தேன். உறவினரிடமிருந்து கைக்குழந்தைகளுக்கான இரண்டு இருக்கைகளைக் கடன் வாங்கி வந்து, மகளின் இருக்கையோடு சேர்த்துப் பின்வரிசையில் வைத்தேன். மூன்றாவது உள்ளே இறங்கவே இல்லை. வலிந்து அழுத்தியபோது பெல்ட்டைப் பூட்டும் கொக்கி அதன் அடியில் போய் மறைந்தது. விரலை நுழைத்து அதைத் தேடி எடுத்ததில் புறங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

இப்போது இரண்டு வகைகள் எங்கள் முன்னால் உள்ளன. ஒன்று, ஏழு பேர் அமரக்கூடிய எஸ்யூவி. என் தந்தைக்கு அதன் உயரமும் தோற்றமும் பிடித்திருக்கின்றன. மற்றொன்று, சறுக்குக் கதவுள்ள எம்பிவி, அதாவது பலர் அமரும் வேன் வடிவக் குடும்ப வண்டி. என் மனைவி அதையே விரும்புகிறார். இரண்டிலும் இருக்கை ஏழு என்றே எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, உயரமாக ஏறுவது கடினம். அப்பா நெடிய உருவம். இந்தச் சூழலில் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், வாங்கியபின் வருந்த நேரும் விஷயங்கள் எவை என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மூன்று பிள்ளைகளின் தகப்பன்

நண்பரே, எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால் ஒரு தாளில் வண்டியின் தரையை வரைந்து, ஏழு பேரையும் பெயர் எழுதி அதில் உட்கார வையுங்கள். நான் இதைச் செய்யாமல் வாங்கியவன், அதனால் சொல்கிறேன்.

ஏழு இருக்கை வண்டிகளில் பெரும்பாலானவை முன்னால் இரண்டு, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு என்ற அமைப்பில் வரும். மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டுமானால் நடுவரிசையின் ஓர இருக்கையை மடக்கியோ முன்னால் சாய்த்தோதான் போக வேண்டும். அந்த ஓர இருக்கையில் குழந்தை இருக்கையைப் பூட்டிவிட்டால் பல வண்டிகளில் அது மடங்காது. உங்களுக்கோ இரட்டையர், குழந்தை இருக்கையை வண்டியோடு நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் பிடிமானம் வழக்கமாக ஓர இருக்கைகளில்தான் இருக்கும் என்பதால் இரண்டு ஓரங்களும் அவர்களுக்கே போய்விடும். அதன்பின் மூன்றாம் வரிசை இருந்தும் இல்லாததுதான். எங்கள் வீட்டில் ஓராண்டுக் காலம் என் மைத்துனர் டிக்கி வழியாகத் தவழ்ந்துதான் பின்னால் போய் உட்கார்ந்தார். வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் மழை நாளில், ஒரு கையில் குடையோடு அவரை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தியவன் நான்.

மூன்று குழந்தை இருக்கைகளையும் நடுவரிசையில் ஒன்றாக வைத்துவிடலாம் என்று நினைத்தால் அளவு நாடாவோடு போங்கள். ஐ-சைஸ் என்ற குழந்தை இருக்கைத் தர முறையில் ஒரு குழந்தை இருக்கைக்கு ஒதுக்கப்படும் அகலம் 44 சென்டிமீட்டர், மூன்றுக்கு 132. பின்வரிசையின் மொத்த அகலம் அதைவிடக் கூடுதலாக எழுதப்பட்டிருந்தாலும், கதவின் கைப்பிடித் திண்டும் சக்கர வளைவும் இரு பக்கமும் அதைத் தின்றுவிடும். நடுவரிசையில் மூன்றும் தனித்தனி இருக்கைகளாக, மூன்றிலும் ஐசோஃபிக்ஸ் உள்ள வண்டிகள் குறைவுதான், ஆனால் உண்டு.

இன்னொரு கேள்வி: ஏழு பேரும் சேர்ந்து மாதத்தில் எத்தனை நாள் பயணம் செய்வீர்கள்? பதில் அதைப் பொறுத்தே மாறும்.

கேட்டவர்

நன்றி. ஏழு பேரும் சேர்ந்து போவது மாதத்தில் மூன்று அல்லது நான்கு முறை இருக்கும். அதில் ஒன்று நெடும்பயணம். மற்ற நாட்களில் மகளைப் பள்ளியில் விடுவதும் அழைத்து வருவதும்தான், ஒரு நடைக்கு ஆறு கிலோமீட்டர். ஆனால் அந்த நடையிலும் கைக்குழந்தைகள் இருவரும் உடன் வர வேண்டியிருக்கும்.

மறுமொழி: இரட்டையரின் தாய்

தம்பி, முந்தையவர் சொன்ன தடைக்கு எங்கள் வீட்டில் கிடைத்த தீர்வு, நடுவரிசையில் இடையே வழி விட்ட இரண்டு கேப்டன் சீட்டுகளும் (தனித்தனி இருக்கைகள்) பின்னால் மூன்று பேருக்கான வரிசையும் உள்ள அமைப்பு. கைக்குழந்தைகளை இரண்டு கேப்டன் சீட்டிலும் பூட்டிவிட்டால் அவற்றை அசைக்கவே வேண்டாம். நடு வழியாகவே பின்வரிசைக்குப் போய்விடலாம்.

இதில் வாங்கும்போது எனக்கும் தோன்றாத நன்மை ஒன்று இருந்தது. கைக்குழந்தைகளின் இருக்கை பின்னோக்கி இருக்கும், குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா. விதி 129-இன்படி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் இருக்க வேண்டும். உடலோடு ஒப்பிடத் தலை பெரியதாகவும் கழுத்து வலுவின்றியும் உள்ள வயது அது. நேருக்கு நேர் மோதினால் விசையை முதுகு முழுவதும் தாங்க வேண்டும், கழுத்து தனியாகத் தாங்கக் கூடாது. ஆகவே முன்னால் இருப்பவருக்குக் குழந்தையின் முகம் தெரியாது. மூன்றாம் வரிசையில் இருப்பவருக்கோ இருவரின் முகமும் நேராகத் தெரியும். கால்மாட்டில் விழுந்த பொம்மையை எடுத்துக் கொடுக்கவும், ஒருவன் மூச்சுத் திணறுகிறானா வெறுமனே சிணுங்குகிறானா என்று பார்க்கவும் அங்கிருந்து முடிகிறது. நான் முதல் ஆறு மாதமும் அங்கேயேதான் உட்கார்ந்து வந்தேன்.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பின்னோக்கிய இருக்கைகள் பலவற்றில் தரையை ஊன்றி நிற்கும் கால் ஒன்று இருக்கும். நாங்கள் முதலில் முடிவு செய்த வண்டியில், அந்தக் கால் நிற்க வேண்டிய இடத்தில் தரைக்கு அடியில் ஒரு சாமான் பெட்டி இருந்தது. அதன் மூடி மேல் ஊன்றுகால் நிற்கக் கூடாது. மோதலின்போது மூடி உள்ளே விழுந்துவிட்டால் ஊன்றியதற்கே பொருளில்லை. விற்பனையாளர் ஒன்றும் ஆகாது என்றார். வண்டியோடு தந்த கையேட்டில் அதைத் தெளிவாகத் தடை செய்திருந்தார்கள். சில வண்டிகளுக்கு அந்தப் பெட்டியை நிரப்பும் கட்டையைத் தயாரிப்பாளரே தருவதுண்டு. கையேட்டில் எந்த இருக்கையில் எந்த வகைக் குழந்தை இருக்கை பொருந்தும் என்ற அட்டவணை இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சறுக்குக் கதவைப் பற்றி உங்கள் மனைவி சொல்வதே சரி. இடுக்கான நிறுத்துமிடத்தில் சாதாரணக் கதவை முழங்கை அளவு மட்டும் திறந்துகொண்டு, உறங்கும் குழந்தையை இருக்கையிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்தவர்கள் அதற்குமேல் விவாதிக்க மாட்டார்கள்.

மறுமொழி: பணிமனைக்காரர்

இருக்கையைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் எடையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குபவர்கள் அதைக் கேட்பதேயில்லை. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. உங்கள் வீட்டுக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் நால்வர் 80, 60, 65, 72 என்றால் 277 கிலோ, மகள் 17, இரட்டையர் ஒரு வயதில் ஆளுக்குப் பத்து வீதம் 20, பின்னோக்கிய இருக்கைகள் இரண்டும் 26, மகளை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் இருக்கை 6, இருவருக்கான தள்ளுவண்டி 16, ஆளுக்கு எட்டுக் கிலோ துணிமணி என்றால் 56. மொத்தம் 418 கிலோ, கூரைப் பெட்டி இல்லாமலே. ஏழு இருக்கை என்று எழுதியிருப்பதாலேயே ஏழு பேரையும் அவர்கள் மூட்டைகளையும் அது தாங்கும் என்று பொருளல்ல. சில வண்டிகளில் இந்தக் கணக்கு விளிம்புக்கு வந்துவிடும். ஐரோப்பிய முறையில் எழுதப்பட்ட வெறும் எடையில் ஓட்டுநருக்காக 75 கிலோ முன்பே சேர்ந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள், இல்லையென்றால் ஓட்டுபவரை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

முழுச் சுமைக்கு டயரில் காற்று கூடுதலாக வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் வெற்று வண்டிக்கு ஓர் அளவும் நிறைந்த வண்டிக்கு ஓர் அளவும் இருக்கும். நெடும்பயணத்தில் டயர் வெடித்து எங்களிடம் வரும் குடும்ப வண்டிகளில் பல, பள்ளிக்குப் போகும் காற்றழுத்தத்திலேயே ஏழு பேரை ஏற்றிக் கிளம்பியவை. கூரைக்கும் தனி வரம்பு உண்டு. பெட்டியின் எடையும் கம்பிகளின் எடையும் அதற்குள்தான் அடக்கம்.

டீசல் பார்க்கிறீர்களா என்று தெரியவில்லை. ஆறு கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டிக்கு அது ஏற்றதல்ல: புகைபோக்கியிலுள்ள கரிவடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட நேரச் சூடு தேவை, இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

மறுமொழி: சிறிய வண்டியே போதும் என்பவர்

மாதத்தில் நான்கு நாளுக்காகத் தினமும் ஐந்து மீட்டர் நீளத்தை ஓட்டித் திரிவானேன்? நல்ல அகலமான ஐந்து இருக்கை வண்டியில் மூன்று பிள்ளைகளையும் பொருத்திக்கொண்டு, பெரியவர்களும் வரும் நாளில் இரண்டாவது வண்டியை வாடகைக்கு எடுப்பது பலருக்குச் சரிப்படும்.

மறுமொழி: மூன்று பிள்ளைகளின் தகப்பன்

பிள்ளை ஒன்று இரண்டு என்றால் ஒப்புக்கொள்வேன். இங்கே மகள் பூஸ்டர் இருக்கையிலிருந்து விடுபடவே இன்னும் பல ஆண்டாகும்; உயரம் 150 சென்டிமீட்டர் ஆகும்வரை அதிலேயே உட்காரச் செய்வது நல்லது. அதுவரை தாத்தா பாட்டியில் ஒருவர்கூட அந்தப் பின்வரிசையில் ஏற முடியாது.

அப்பாவுக்காக ஒரு சோதனை. மூன்றாம் வரிசையில் அவர் உட்கார்ந்தபின், முழங்காலுக்குப் பக்கத்தில் தொடைக்கும் இருக்கைக்கும் இடையே உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். முஷ்டியே தாராளமாகப் போனால் தரை உயரமாகவும் இருக்கை தாழ்வாகவும் இருக்கிறது, அதாவது அவர் உட்காரவில்லை, குந்தியிருக்கிறார். உயரமான எஸ்யூவிகளில் இது அதிகம். தரைக்கு அடியில் பேட்டரி உள்ள மின் வண்டிகளிலும் பார்த்தேன். 1983-இன் கடைசியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் மினிவேனை, அதாவது எம்பிவி வகை வண்டியைக் கொண்டுவந்தபோது முன்சக்கர இயக்கத்தால் தரையைத் தாழ்த்த முடிந்தது. அந்த வகை வண்டிகளில் ஏறுவது எளிதாக இருப்பதற்கு இன்றைக்கும் அதுவே காரணம். உங்கள் அம்மாவின் மூட்டுக்கும் அதுதான் நல்லது.

மகள் மூன்றாம் வரிசையில் என்றால், திரைபோல் விரியும் பக்கவாட்டு ஏர்பேக் அந்த வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள். "எல்லா ஏர்பேக்கும் உண்டு" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சென்ற ஞாயிறு குடும்பத்தோடு, கடன் வாங்கிய இருக்கைகளையும் தள்ளுவண்டியையும் எடுத்துக்கொண்டு இரண்டு காட்சிக்கூடங்களுக்குப் போனோம். விற்பனையாளர்கள் சற்று விநோதமாகப் பார்த்தார்கள்.

எஸ்யூவியில் அம்மா முன்னிருக்கையில் ஏறவே இரண்டு முறை முயன்றார். மூன்றாம் வரிசையில் அப்பாவின் முழங்கால் ஏறக்குறைய மார்புக்கு வந்தது. கையை நுழைக்க வேண்டிய தேவையே எழவில்லை. இறங்கியபின் அவர் தோற்றத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வழிவிட்ட இருக்கைகள் உள்ள எம்பிவியில் கேப்டன் சீட் இரண்டிலும் கைக்குழந்தை இருக்கைகள் பூட்டிக்கொண்டன. ஊன்றுகால் நிற்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் பெட்டி இல்லை. பின்வரிசையில் மனைவி நடுவிலும் அப்பாவும் மகளும் ஓரங்களிலும் என்றுதான் தாளில் வரைந்திருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது என் மனைவி அதை மாற்றினார்: நடு இருக்கைக்கு முன்னால் வழிதான், ஆகவே காலை நீட்ட இடம் அங்கேதான் அதிகம், கூரையும் ஓரங்களில் சரிந்து நடுவில் உயர்ந்திருக்கிறது. நடு இருக்கைக்கும் மும்முனைப் பெல்ட்டும் தலைச்சாய்வும் இருப்பதைச் சரிபார்த்தபின் அப்பாவை அங்கே உட்கார வைத்தோம். வழி நெடுகக் காலை நீட்டிக்கொண்டு, இரண்டு வெற்றுக் குழந்தை இருக்கைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி வெகுநேரம் இறங்கவே இல்லை.

பக்கவாட்டு ஏர்பேக் மூன்றாம் வரிசை வரை இருக்கிறது. கையேட்டில் படத்தோடு பார்த்தேன். சுமை அளவு, ஓட்டுநர் எடையைச் சேர்த்துக் கணக்கிட்டும், 418-ஐவிடப் போதுமான அளவு கூடுதலாகவே உள்ளது. டீசலைக் கைவிட்டோம். ஒன்றுதான் சிக்கல்: ஏழு பேரும் இருக்கும்போது தள்ளுவண்டி டிக்கியில் படுக்கையாக நுழையவில்லை. முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு நிமிர்த்தி வைத்தால் கதவு மூடுகிறது, ஆனால் பைகளுக்கு இடமில்லை. நெடும்பயணத்துக்குக் கூரைப் பெட்டி போடலாமா, அல்லது குறுகலாக மடியும் தள்ளுவண்டிக்கு மாறிவிடலாமா?

மறுமொழி: இரட்டையரின் தாய்

தள்ளுவண்டியை மாற்றுங்கள். முன்னும் பின்னுமாக இருவரும் உட்காரும் வகையை எடுக்காமல், பக்கம் பக்கமாக உட்காரும், குடைபோல் மடியும் வகையைப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தானாக உட்கார வந்தபின் அது போதும். அதுவரை, முதல் ஆறு மாதம், ஏழு பேரோடு நெடும்பயணம் எப்படியும் போக மாட்டீர்கள்.